சேதாரம்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திங்கள்தோறும் இம்மேடையில் கம்பரைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இம்முறை அவ்விடத்தில் ஒரு குமாஸ்தாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயின் சரக்குப் பிரிவில் பேரேடு எழுதப் புகுந்தவரிடம் காப்பியச் சுவையை எதிர்பார்த்தல் தகாது. ஆகவே நம் கைக்குப் பழகிய ஒன்றைப் பற்றியே பேசலாம் எனத் துணிந்தோம். இத்தனை ஆண்டுகளாக நாம் நாள்தோறும் எழுதிவருவது இழப்புக் கணக்கு. எது குறைந்தது, எது கெட்டது, எது வந்து சேரவில்லை, அதற்கு யார் பொறுப்பு என்பவையே நம் அலுவல். ஆதலின், இழப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைப் பற்றி, அவற்றுள்ளும் சிறப்பாகச் சேதாரம் என்னும் சொல்லைப் பற்றி, இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

இப்பொருளைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் குடியிருப்பில் மாலை வேளையில் நடந்து சென்றால், ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஒரே சொல் காதில் விழுகிறது. சோறு வேஸ்டு ஆகிவிட்டது. பொழுது வேஸ்டு. நேற்றுப் பார்த்த படம் வேஸ்டு. அடுத்த வீட்டுப் பையன் வேஸ்டு. நம் பாட்டிமார் இவற்றை ஒரே சொல்லால் சொன்னவர்கள் அல்லர். சோறு வீணாயிற்று என்பார்கள். பொழுது பாழாயிற்று என்பார்கள். பையனை உதவாக்கரை என்பார்கள். வயலில் கதிர் பால் பிடிக்காமற் போனால் பயிர் சாவியாயிற்று என்பார்கள். தூற்றும்போது காற்றில் பறந்தால் பதர் என்பார்கள். பாதி மணி பிடித்த நெல்லைக் கருக்காய் என்று தனியே ஒதுக்கிக் கோழிக்கு இடுவார்கள். ஒரே வயலில் விளையாமற் போனதற்கே மூன்று பெயர்! இத்தனை பெயர்கள் வேண்டியிருந்ததற்குக் காரணம் ஆடம்பரம் அன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட வேண்டியிருந்தது. கருக்காய்க்கு ஒரு பயன் உண்டு, பதருக்கு இல்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் கோழி பட்டினி கிடக்கும்.

சேதாரத்துக்கு வருவோம். சேதம் என்பது வடசொல். வெட்டுதல், துண்டித்தல் என்பது அதன் முதற்பொருள். தலையை வெட்டும் தண்டனையைச் சிரச்சேதம் என்று நாம் சொல்வதில் அப்பொருள் இன்றும் மாறாமல் நிற்கிறது. பிறகு வெட்டுப்பட்டது, உடைந்தது, கெட்டது என்று பொருள் விரிந்து, நாளிதழ்களில் உயிர்ச்சேதம், பொருட்சேதம், பயிர்ச்சேதம் என்று வந்து நிற்கிறது. சேதாரமும் அக்குடும்பத்துச் சொல்லே. ஆனால் அது வாழும் வீடு வேறு. அது பொற்கொல்லர் பட்டறைச் சொல்.

பட்டறையில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு பழைய வளையலை மூசையிலிட்டு, வெண்காரம் தூவி உருக்குகிறார்கள். உருகியதைக் கட்டியாக வார்த்து, தகடாகத் தட்டி, கம்பியாக இழுத்து, வெட்டி, வளைத்து, பற்றவைத்து, அரத்தால் அராவி, மெருகிடுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு சிறிது பொன் போய்விடுகிறது. மூசையின் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அரத்தின் பல்லில் சிக்கிக்கொள்கிறது. மெருகு கழுவிய நீரோடு ஓடுகிறது. தட்டானின் விரலிலும் வேட்டியிலும் படிகிறது. பத்துக் கிராம் பொன் கொடுத்தால் பத்துக் கிராம் நகை வாராது. இந்தக் குறையைத் திருட்டு என்று சொல்ல இயலாது. கவனக்குறைவு என்றும் சொல்ல இயலாது. ஒன்றை மற்றொன்றாகச் செய்யும்போது செய்வதனாலேயே நேரும் குறைவு இது. இதற்கென்று ஒரு தனிச்சொல்லை வைத்தார்களே, அதுதான் சேதாரம். செய்கூலி தட்டானின் உழைப்புக்கு. சேதாரம் போன பொன்னுக்கு. இரண்டும் இரு வேறு கணக்கு.

போன பொன் எங்கே போகிறது? பெரும்பகுதி எங்கும் போவதில்லை. பட்டறைத் தரையைப் பெருக்கிய குப்பையும் கைகழுவிய நீரின் வண்டலும் எறியப்படுவதில்லை. அவற்றை வாங்கி, அரித்து, கழுவி, உருக்கிப் பொன்னைப் பிரித்தெடுப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் தட்டார் தெருச் சாக்கடையை விடியற்காலையில் அரித்துப் பிழைப்போர் உண்டு. நாம் வாழும் இவ்வடபுலத்தில் அவர்களை நியாரியா என்று அழைப்பார்கள். ஒருவர் கணக்கில் சேதாரமாக எழுதப்பட்டது மற்றொருவர் வீட்டில் அடுப்பெரிக்கிறது.

பொற்கொல்லருக்கு இச்சொல்லால் பழியும் வந்தது. தாயின் பொன்னிலும் தட்டான் கைவைப்பான் என்ற கருத்தில் பழமொழிகள் வழங்குகின்றன. சிலப்பதிகாரத்தில் வரும் ஒரு பொற்கொல்லன் செய்த தீமை, அத்தொழில் செய்வோர் அனைவர்மீதும் இன்றளவும் நிழலாக விழுகிறது. நமக்கு இது நியாயமாகப் படவில்லை. எடை போட்டுப் பொன் வாங்கி, எடை போட்டு நகை கொடுத்து, இடையில் குறைந்ததை வாய்விட்டுச் சொல்லிப் பெயரும் இட்டுவைத்த தொழில் வேறு எது? அரிசி மூட்டையில் குறைவதற்கும் எண்ணெய்ச் செக்கில் குறைவதற்கும் எந்த வணிகர் இப்படிப் பில்லில் தனி வரி போடுகிறார்? அத்தொழிலாளர் பட்ட பாடும் சிறிதன்று. 1963 ஜனவரியில் வந்த பொன் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புது நகை செய்வதைத் தடுத்தபோது எத்தனையோ பட்டறைகளில் உமியோட்டு நெருப்பு அணைந்தது. 1968இல் அக்கட்டுப்பாடு தனிச் சட்டமாகி, 1990இல்தான் முற்றும் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் வேறு பிழைப்புத் தேடிப் போனவர்களில் பலர் பட்டறைக்குத் திரும்பவே இல்லை.

ஆயினும் இன்று கடைகளில் எழுதப்படும் சேதாரம் பழைய சேதாரம் அன்று என்பதையும் சொல்லவேண்டும். இங்குள்ள தாய்மார்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நகை வாங்குவதை வழக்கமாகக் கொண்டிருப்பதால், ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். மூன்று பவுன் சங்கிலி என்றால் 24 கிராம். சேதாரம் நூற்றுக்கு 12 என்று வைத்துக்கொண்டால் 2.88 கிராம். நீங்கள் விலை கொடுப்பது 26.88 கிராமுக்கு, கழுத்தில் ஏறுவது 24 கிராம். அந்த 2.88 கிராமின் விலையும் சேர்ந்த தொகைமீதே 3 விழுக்காடு சரக்கு சேவை வரியும் விழும். பிறகு எந்நாளேனும் அச்சங்கிலியை மாற்றப் போனால், 24 கிராமுக்குத்தான் மதிப்பு; சேதாரம் திரும்பி வாராது. இச்சங்கிலி பெரும்பாலும் இயந்திரத்தில் பின்னியது. அரமும் உமியோடும் அதன் பக்கம் போனதே இல்லை. உண்மையில் போன பொன் மிகச் சிறிது. அதையும் தூசியிலிருந்து மீட்டுவிடுகிறார்கள். அப்படியானால் அந்த 12 விழுக்காடு என்ன? அது விலை. பழைய சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த புதிய இலாபம். இவ்வடபுலத்துக் கடைகள் பலவற்றில் செய்கூலி என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். அங்கே பேரம் பேசப் பழகிய நம் வீட்டு மகளிர், ஊரில் சேதாரம் என்றவுடன் அது இயற்கை விதி போலும் என்று எண்ணி வாய் மூடிவிடுகிறார்கள். பேசுங்கள், குறையும். நகையில் பொறிக்கும் 916 முத்திரையும் இதற்குத் துணை வாராது. 2021 ஜூன் 16 முதல் பல மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாளக் குறியோடு வருவது அம்முத்திரை. அது பொன்னின் தூய்மைக்குச் சான்று. சேதாரம் எவ்வளவு என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இனி நம் அலுவலகத்துக்குள் உங்களை அழைத்துச் செல்கிறோம். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தில் 93ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சரக்கை ஏற்றுக்கொண்ட இரயில்வே எதற்கெல்லாம் பொறுப்பாகும் என்று அது கூறுகிறது. அங்கே ஐந்து ஆங்கிலச் சொற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நாம் அவற்றைத் தமிழில் இழப்பு, அழிவு, சேதம், கெடுதல், சேராமை என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம். வழியில் மூட்டை காணாமற் போனால் இழப்பு. தீப்பட்டுச் சாம்பலானால் அழிவு. கூரை ஒழுகிச் சிமெண்டு கல்லாக இறுகினால் சேதம். வாழைப்பழம் கனிந்து அழுகினால் கெடுதல். சரக்கு உரிய இடத்துக்கு வராமலே போனால் சேராமை. படிப்பவர்க்கு எல்லாம் ஒன்று போலத் தோன்றும். கோப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழி.

அதே பிரிவில் சில விலக்குகளும் உள்ளன. போர், இயற்கைச் சீற்றம் போன்றவற்றோடு, சரக்கின் சொந்த இயல்பினாலேயே நேரும் குறைவுக்கும் இரயில்வே பொறுப்பன்று என்கிறது சட்டம். பச்சை மிளகாய் நான்கு நாள் பயணத்தில் உலரும். வெல்லம் கோடையில் கசியும். வெங்காயம் எடை குறையும். எவரும் தொடவில்லை, எவரும் குற்றம் செய்யவில்லை, ஆனால் குறைந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் இவ்வரியை முதன்முதலாகப் படித்தபோது, இது நம்மூர்த் தட்டானின் சேதாரமல்லவா என்று நமக்கு வியப்பாக இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. தட்டானின் சேதாரத்துக்கு நகை வாங்குபவர் பணம் கொடுக்கிறார். இரயில்வே சேதாரத்துக்கு எவரும் கொடுப்பதில்லை. சரக்குக்கு உடையவரே தாங்கிக்கொள்ள வேண்டும்.

சொல் மாறினால் பணம் மாறும் என்பதற்கு நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். இடமும் பெயரும் வேண்டா. தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் மூட்டைகள் வந்தன. சில மூட்டைகள் மழையில் நனைந்து பூசணம் பூத்திருந்தன. வணிகர் நம்மவர், ஈடு கேட்டு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினார். நனைந்த மூட்டைகளைக் குறிக்கும் இடத்தில், வேஸ்டேஜ் என்று எழுதிவிட்டார். நாம் அன்றாடம் வேஸ்டு என்று சொல்லுகிறோமே, அந்தப் பழக்கத்தில் வந்த சொல். மேசையில் அதைப் பார்த்தவர், உடனே சரக்கின் இயல்பினால் நேர்ந்த குறைவு என்ற விலக்கின்கீழ் அதைத் தள்ளிவிட்டார். தள்ளியவர்மேல் முழுக் குற்றமும் சொல்ல இயலாது; சட்டத்தில் அச்சொல்லுக்கு அதுவே பொருள். நல்லவேளையாக, சரக்கைப் பெற்றபோதே மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து எழுதிய அறிக்கையில் ஈரத்தால் சேதம் என்பது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அதைக் காட்டி மறுபடி எழுதச் செய்தோம். ஈடு கோரும் அறிவிப்பைச் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் கொடுத்தாகவேண்டும். முதல் விண்ணப்பம் காலத்தில் வந்திருந்ததால் அவர் பிழைத்தார். ஓராண்டு உழைப்பின் மிச்சம் அந்த மூட்டைகளில் இருந்தது என்று பின்னர்க் கண்கலங்கிச் சொன்னார். "ஐயா, எங்கள் கடையில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தானே சொல்லுகிறோம்" என்றார். தமிழில் எழுதச் சொல்லியிருந்தால், மழையில் நனைந்து சேதம் என்றே எழுதியிருப்பார்.

ஈடு என்றதும் நினைவு வருகிறது. முன்பெல்லாம் நஷ்டஈடு என்றே எங்கும் எழுதினார்கள். இன்று இழப்பீடு என்கிறோம். இழப்பும் ஈடும் சேர்ந்த நல்ல சொல். நஷ்டம் என்னும் வடசொல்லைத் தமிழாக்கி நட்டம் என்று எழுதுவாரும் உளர். ஆனால் நட்டம் என்றால் கூத்து என்றும் பொருள். தில்லையில் இறைவன் ஆடுவதும் நட்டமே. கடையில் நட்டம் என்று எழுதிவைத்தால், முதலாளி ஆடுகிறார் என்றும் கொள்ளலாம். சிலர் ஆடத்தான் செய்கிறார்கள்.

இழப்போடு பிறந்த மற்றொரு சொல் இழவு. இதைச் சபையில் சொல்லக் கூசுகிறோம், எனினும் சொல்லவேண்டும். வரவு, செலவு, களவு, உறவு என்பன போல, இழ என்னும் பகுதியில் பிறந்த இழவுக்கு இழத்தல் என்பதே பொருள். அதற்கு மேல் இலக்கணத்தில் ஒன்றும் இல்லை. நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுமி கட்டுரை எழுதினாள். பள்ளிக்குச் செல்லும் வழியில் குடையைத் தொலைத்துவிட்டதைப் பற்றியது. தலைப்பு, "என் குடையின் இழவு." வகுப்பில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள், குழந்தை அழுதுவிட்டாள். அவள் எழுதியதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அகராதியில் இல்லாதது ஒன்று உண்டு. அது வீட்டில், திண்ணையில், பாட்டியின் வாயில் கேட்டு அறிவது. இழவு வீடு, இழவோலை, இழவு கேட்கப் போதல் என்று ஒரு முறையேனும் காதில் விழுந்த பிள்ளை, குடைக்கு அச்சொல்லை இடமாட்டாள். இவ்வூரில் பிறந்து வளர்ந்த அவளுக்கு எங்கே கேட்டிருக்கும்?

சாவைப் போய் ஏன் இழப்பு என்றார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. சாவு செத்தவருக்கு, இழவு இருப்பவருக்கு. இருப்பவர் பக்கத்திலிருந்து எழுதிய கணக்கு அது. தொலைவில் பிழைக்க வந்த நம்மவர்க்கு இது நன்றாகவே தெரியும். 2013 ஜூலையில் தந்திப் பணி நிறுத்தப்படும் வரையில், தந்திக்காரரின் சைக்கிள் மணி கேட்டால் இக்குடியிருப்பில் எத்தனை தாய்மார்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்! இரவும் பகலுமாக வண்டியில் சென்று இறங்கினால், எல்லாம் முடிந்து வாயிலில் சாணம் தெளித்திருக்கும். முகம் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள் இந்த அவையிலும் சிலர் இருக்கிறார்கள். அந்த இழப்புக்கு எந்தப் பிரிவின்கீழும் ஈடு கோர இயலாது.

விரயம் என்னும் சொல் இவற்றினின்றும் வேறு. வியயம் என்ற வடசொல்லே விரயமாயிற்று. செலவு என்பதே அதன் பொருள். வீண் என்ற பொருள் பின்னால் ஏறியது. அறுபது ஆண்டு வட்டத்தில் இருபதாவதாக வரும் விய ஆண்டு இச்சொல்லின் பெயரையே தாங்கியது. 2006 சித்திரையில் பிறந்து ஓராண்டு இருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் நம் செலவு கூடியதாக நினைவில்லை. சோதிடர் கணக்கில் பதினோராம் இடம் இலாபம், பன்னிரண்டாம் இடம் விரயம். வந்தது போகும் இடம் அடுத்த வீடே. ஆனால் அவர்களே சுபவிரயம் என்று ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்குத் திருமணம், வீடு கட்டுதல் போன்றவை. பணம் கரைகிறது, மனம் குளிர்கிறது. வேஸ்டு என்னும் சொல்லுக்கு முன்னால் சுப என்று சேர்த்துப் பாருங்கள், சேருகிறதா?

செலவு என்பதையும் விட்டுவிட மனமில்லை. செல் என்பதிலிருந்து வந்தது அது. பழந்தமிழில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் மனம் இளகிப் பயணத்தைக் கைவிடுவதைச் செலவழுங்கல் என்று அகப்பொருள் நூல்கள் ஒரு துறையாகவே வகுத்திருக்கின்றன. நம்மைப் போன்றோர் எவரும் செலவழுங்கவில்லை. அழுங்கியிருந்தால் இச்சங்கமே இல்லை. வரவு செலவு என்று கணக்கேட்டில் எழுதும்போதெல்லாம், அது நிலையத்து அறிவிப்புப் பலகையைப் போலவே நமக்குத் தோன்றும். வண்டி வருகிறது, வண்டி போகிறது. போனதெல்லாம் தொலைந்ததாகாது.

கழிவு என்பதும் அவ்வாறே. கழித்தல் கணக்கில் வருவது கழிவு. புத்தக வணிகர் விலையில் குறைத்துக் கொடுப்பதும் கழிவு. வீதியில் ஓடும் சாக்கடையும் கழிவுநீர். விடுமுறையை ஊரில் கழித்தோம் என்று மகிழ்ச்சியோடு சொல்லுகிறோம். அங்கே ஒன்றும் வீணாகவில்லை. எடுத்துவிட்டால் மீதி நிற்கும் என்ற எண்ணம் அச்சொல்லில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் விடத் தேய்மானம் என்ற சொல்லே நம் தொழிலுக்கு நெருங்கியது. சந்தனக் கட்டை தேய்கிறது, திங்கள் தேய்கிறது, செருப்புத் தேய்கிறது. பழைய நகையை மாற்றப் போனால், கடைக்காரர் தேய்மானம் கழிக்கிறார். சேதாரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இரயில் சக்கரத்தில் காணலாம். சக்கரம் தண்டவாளத்தில் உருண்டு உருண்டு நாளடைவில் தன் வடிவம் கெடுகிறது. அது தேய்மானம். பிறகு பணிமனையில் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, மேற்பரப்பைச் சீவி, மறுபடி சரியான வடிவுக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போது சுருள் சுருளாக இரும்பு உதிர்கிறது. அது சேதாரம். இரண்டிலும் சக்கரம் சிறுக்கிறது. ஒன்றில் உழைத்துச் சிறுக்கிறது. மற்றொன்றில் மறுபடி உழைக்கும் பொருட்டுச் சிறுக்கிறது. விட்டம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் கண்டம் செய்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் தள்ளுபடி செய்வதைக் குறிக்கும் சொல்லைப் பணிமனைத் தமிழர் வாய் கண்டம் என்று திரித்துக்கொண்டது. நமக்கோ கண்டம் என்றால் துண்டு என்றும் பொருள், சாதகத்தில் வரும் ஆபத்து என்றும் பொருள். மூன்றும் பொருந்திவிட்டது!

இவ்வளவும் எதற்குச் சொல்லுகிறோம் என்றால், நம் வீடுகளில் குறைந்துவருவது எது, எந்தக் கணக்கில் எழுதுவது என்பதற்காக. இங்கு நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறோம். முதல் தலைமுறையில் ஒருவர் பேச்சை மற்றவர் கேலி செய்தோம். இன்று நம் பிள்ளைகள் பேசுவது எந்த மாவட்டத்துத் தமிழும் அன்று. எல்லாம் அராவி ஒன்றாகிய குடியிருப்புத் தமிழ். போனதில் நமக்கு வருத்தமுண்டு. ஆனால் அது சேதாரம். அதனால் ஒன்று செய்யப்பட்டிருக்கிறது. அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி, அண்ணி ஆகிய அத்தனை பேரும் ஆண்ட்டி ஆகிவிட்டதை அக்கணக்கில் எழுத நம் கை வரவில்லை. அதனால் எந்த நகையும் செய்யப்படவில்லை. அதை எந்த நியாரியாவும் அரித்தெடுத்துத் தரப்போவதில்லை.

நம் சங்க நூலகத்தின் மூன்று அலமாரிகளைப் பற்றிச் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்திருப்பதை அறிவீர்கள். நூல்கள் பழையன, எடுத்துப் படிப்பாரும் இல்லை, இளைஞர் விளையாட்டு அறைக்கு இடம் வேண்டும், ஆதலால் எடைக்குப் போட்டுவிடலாம் என்பது அத்தீர்மானம். கபாடிக்காரர் வந்து பார்த்து விலையும் சொல்லிவிட்டார். இடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நம் பையன்களும் அங்கே விளையாடுகிறவர்களே. தீர்மானத்தில் உள்ள ஒரு சொல்லே நம்மை உறுத்துகிறது. மூன்று அலமாரியையும் சேர்த்து வேஸ்டு என்று எழுதியிருக்கிறார்கள். நாம் ஒரு மாலை முழுதும் அங்கே அமர்ந்து பார்த்தோம். கரையான் அரித்து ஏடு ஏடாக உதிர்பவை சில. அவை அழிவு, போகட்டும். ஒரே நூலின் படிகள் நான்கைந்து சில. அவை கழிவு, பிற ஊர்ச் சங்கங்களுக்குக் கொடுக்கலாம். அட்டை போய், முதுகு தையல் விட்டுப் போனவை மிகப் பல. அவை தேய்மானம். எவரோ படித்துப் படித்துத் தேய்ந்தவை. ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதியிருக்கிறார்கள். ஒரு நூலுக்குள் நாள் போட்ட மளிகைச் சீட்டு ஒன்றும் கிடைத்தது. இவற்றைக் கண்டம் செய்யும் அளவு இன்னும் வரவில்லை.

எடைக்குப் போடுவதை ஒரு திங்கள் தள்ளிவைக்கச் செயற்குழு இசைந்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலக அறை திறந்திருக்கும். பசையும் தைக்கும் நூலும் ஊசியும் நம் பொறுப்பு. பழைய நாட்காட்டி அட்டைகள் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள்; மேலட்டைக்கு அவை மிகவும் ஏற்றவை. பிள்ளைகளையும் அழைத்துவாருங்கள், எந்த நூலை எந்த அடுக்கில் வைப்பது என்று அவர்களும் சொல்லட்டும். குடையைத் தொலைத்த சிறுமி முதலில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.